கல்வெட்டின் பின்புறம்

ஞானாதிக்கம் கேட்டது ஒரே ஒரு கழிவறை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் கோபுரத்தையும் கருங்கல் சுவரையும் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் ஏதோ பெரிய ஆசையில் இறங்கிவிட்டார் என்று யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

அவர் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி ஒன்றில் எடை பார்ப்பவர். மண்டியில் பேச்சு சுருக்கமாக இருக்கும். மூட்டை வரும், தராசில் ஏறும், ஒரு எண்ணைச் சொல்வார், இறங்கும். அந்தப் பழக்கத்தில், கோயிலிலும் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது நடந்துவிடும் அல்லது நடக்காமல் போகும், இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதற்குக் கமிட்டி என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிறது அந்திரேயர் கோயில். அவருடைய மனைவி அமலோற்பவம் அங்கே கலியாணத்துக்கு முன்பிருந்தே பாடகர் குழுவில் இருந்தவள். போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிற்று. சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்து போயாக வேண்டும். ஆனால் எங்கே போவது? கோயில் வளாகத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கழிவறை ஒன்று இருந்தது. அது எப்போதும் பூட்டியிருக்கும். சாவி கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம். பூசை நடுவே உபதேசியாரைக் கண்டுபிடித்து, அவர் சாவியைக் கண்டுபிடித்து, சாவி பூட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மானம் போய்விடும். இன்னொரு வழி மார்க்கெட் கட்டணக் கழிவறை. அதற்குள் போய்வந்த உடம்போடு நற்கருணை வாங்க யாருக்கும் மனசு வராது.

ஈஸ்டர் இரவுப் பூசையில், எல்லோரும் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினாள். கேட் வரைக்கும் போக முடியவில்லை. அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. கோயில் ஒலிபெருக்கி அவர்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கீரை ஆய்ந்துகொண்டே தன் குரலுக்குரிய பகுதியை அங்கிருந்து பாடுவாள். ஞானாதிக்கம் கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பாட்டில் ஓர் இடம் காலியாக இருப்பது தெரிந்தது. அது அவருக்கு வலித்தது.

பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள், கூடிய பொதுக்கூட்டத்தில், எல்லோரும் டீக்காக எழுந்துகொண்டிருந்த சமயம் பார்த்து அவர் கையைத் தூக்கினார்.

"ஃபாதர், பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டிக் குடுத்தா நல்லாயிருக்கும்."

கூட்டம் சற்று நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஆமாங்க" என்றார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் வியாகுலசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் இன்னும் அலுவலகத்தை விடவில்லை.

"கோரிக்கை நியாயமானது. ஆனா பாத்ரூம்ங்கிற வார்த்தையை மினிட்ஸ்ல ஏத்த முடியாதுங்க. அதுக்குக் கீழயே நற்கருணை ஆசீருடன் கூட்டம் நிறைவுற்றதுன்னு வரணும். ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா நல்லாயிருக்காது."

ஆகவே அவர் "கோயில் வளாகத்தின் அத்தியாவசிய மேம்பாடு" என்று எழுதினார். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கும்போது வளாகம் காணாமல் போயிருந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் அத்தியாவசியமும் போயிற்று. மிச்சம் இருந்தது கோயில் மேம்பாடு. இருக்கிற கோயிலை மேம்படுத்துவதைவிடப் புதுக் கோயிலே கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள், கை தட்டினார்கள், கட்டடக் கமிட்டி ஒன்று உண்டாயிற்று. முதலில் பேச்செடுத்தவர் என்ற முறையில் ஞானாதிக்கத்தையும் அதில் உறுப்பினராகப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "கமிட்டியில என்னையும் போட்டுட்டாங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

கமிட்டியின் முதல் கூட்டத்தில் பங்குத்தந்தை அமலதாஸ் பேசினார்.

"நான் எளிமையை விரும்புறவன். எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம். வர்ற மே மாசம் என்னை மாத்திடுவாங்க. போறதுக்குள்ள ஒரு அடிக்கல் நட்டுட்டுப் போனாப் போதும். அதுல என் பேரு சின்னதா இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்." கொஞ்சம் யோசித்தார். "ரோட்டுல இருந்து படிக்கிற அளவுக்குச் சின்னதா."

டைல்ஸ் கடை சந்தியாகு நிதிக்குழுத் தலைவர். அவருக்கு உயரத்தில்தான் கண். "பக்கத்துப் பங்குக் கோபுரம் நூத்திப்பத்து அடி. நம்மது நூத்தியிருபது இருக்கணும். ஆண்டவர் உயரத்தைப் பாக்கமாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனா பாலத்து மேல பஸ்ல போறவன் பாப்பான்ல?"

ஞானாதிக்கம் மெதுவாகக் கேட்டார். "அந்த பாத்ரூம் விஷயம்..."

"அண்ணே, பாத்ரூம்னு ரசீது புத்தகம் போட்டா ஜனங்க டீக்காசு குடுப்பாங்க. கோபுரம்னு போட்டாத்தான் கழுத்துச் சங்கிலியைக் கழட்டிக் குடுப்பாங்க. கோபுரம் வந்தா பாத்ரூம் தானா வந்துடும்," என்றார் சந்தியாகு. எப்படித் தானாக வரும் என்று ஞானாதிக்கத்துக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்பது மரியாதையாக இருக்குமா என்பதும் விளங்கவில்லை.

கட்டட வரைபடத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து யமுனா என்ற ஆர்க்கிடெக்ட் வந்தார். நம்மவர்களில் யாரும் இல்லையா என்று ஒருவர் கேட்டதற்கு, "கோயில் விஷயம் ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குத் தெரியாததா?" என்று வியாகுலசாமி வாயடைத்துவிட்டார். தவிர, முன்பணம் கேட்காமல் வந்தது அவர் ஒருவர்தான். தோளில் பெரிய பையோடு வந்த யமுனா உட்கார்ந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள், மழைக்கு எங்கே ஒழுகுகிறது, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, நடக்க முடியாதவர்கள் எப்படி ஏறுகிறார்கள்.

"லேடீஸ் டாய்லெட் எத்தனை வேணும்?"

ஞானாதிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கமிட்டி முழுவதும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மாதிரி சுவரைப் பார்த்தது.

"அதெல்லாம் நான்காம் கட்டம் மேடம்," என்றார் வியாகுலசாமி.

"முதல் மூணு கட்டம் என்னங்க?"

"கோபுரம், முகப்பு, மணி."

யமுனா தன் பங்குக்கு ஓர் எச்சரிக்கை செய்து பார்த்தார். "பாத்து ஆரம்பிங்க சார். எங்க ஊர் ராஜகோபுரமே பல நூறு வருஷம் பாதியில மொட்டையா நின்னுச்சு."

கமிட்டி முகங்கள் மலர்ந்தன. "அப்ப நமக்கும் அவசரம் இல்லை," என்றார் சந்தியாகு நிம்மதியாக.

யமுனா இன்னும் பென்சிலையே எடுக்கவில்லை. அதற்குள் வியாகுலசாமியின் மருமகன் கம்ப்யூட்டரில் புதுக் கோயிலின் படம் ஒன்றைத் தயாரித்து பங்கு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். வானம் நீலமாக இருந்தது. கோபுரம் படத்துக்கு வெளியே போயிருந்தது. கோயில் முன்னால் புல்வெளி, நீரூற்று. கோட் போட்ட வெள்ளைக்காரர்கள் குழந்தைகளோடு உலாவினார்கள். வெங்காய லாரி ஒதுங்கவே இடமில்லாத சந்தில் இந்தப் புல்வெளி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கில் கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. அன்றிலிருந்து யமுனா என்ன வரைந்தாலும், "படத்துல அப்படி இல்லையேம்மா" என்றார்கள்.

மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. யமுனா முறைப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தார். வியாகுலசாமி அதை வாங்கி ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "உபயம்" என்று தலைப்பிட்டார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் எந்த மதமானாலும் ஒரு டியூப்லைட்டைக் கொடுத்தால்கூட, வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் அதன்மேல் கொடுத்தவர் பெயரை எழுதுவார்கள். பெயர் போடாமல் கொடுத்தது கடவுளுக்குச் சேருமோ என்னவோ, ஊருக்குச் சேராது. வியாகுலசாமி முதல் வரியை வாசித்தார்.

"அஸ்திவாரம். உபயம் யாருங்க?"

சந்தியாகு தொண்டையைச் செருமினார். "மண்ணுக்குள்ள போறதுக்கு எவன் பேரு குடுப்பான்? கல்வெட்டு எங்க வெப்பீங்க?"

"அஸ்திவாரத்துக்கு உபயதாரர் இல்லாததால், அது ஒத்திவைக்கப்படுகிறது," என்று எழுதினார் வியாகுலசாமி.

"சார்," என்றார் யமுனா. "அஸ்திவாரத்தை ஒத்திவெச்சிட்டு மேல எப்படி சார் கட்டறது?"

"மேல உள்ளதுக்கு நன்கொடை வந்துடுச்சேம்மா. பக்தியோட குடுக்கறதை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

கம்பி, வடிகால், மின் வயர் எல்லாம் அதே வழியில் தள்ளிப்போயின. சுவருக்குள் புதைகிற எதற்கும் கோயிலில் இடமில்லை. மாறாக, ஒரே ஒரு மணிக்கு ஐந்து குடும்பங்கள் போட்டியிட்டன. சமாதானத்துக்காக மணியைப் பெரிதாக்கினார்கள். ஐந்து பெயரும் கொள்ள வேண்டுமே. தூண்கள் அப்போஸ்தலர் கணக்குக்குப் பன்னிரண்டு என்று யமுனா வரைந்திருந்தார். தூண் கேட்டவர்கள் பதினான்கு பேர். மாற்றி வரையச் சொன்னார்கள்.

"இந்த ரெண்டு தூணும் எதைத் தாங்கும் சார்?"

"அதுல ரெண்டு நல்ல குடும்பம் இருக்கும்மா," என்றார் ஃபாதர் கனிவாக.

வாசற்படிகளில் பெயர் போடலாம் என்றார்கள். மிதிபடுமே என்று ஒருவர் அழுதார். படிகளை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதை போட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அந்தத் திட்டத்தில் கிடைத்த ஒரே நன்மை அதுதான், அதுவும் தவறுதலாகக் கிடைத்தது.

கடைசி வரி கழிவறை. உபயம் யார் என்று கேட்கவே வியாகுலசாமிக்கு நா எழவில்லை. பேனாவால் சுட்டிக் காட்டினார். ஞானாதிக்கம் தானே வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். போனார். அவர் வந்த காரணம் தெரியும் வரைக்கும் காபி கொடுத்தார்கள். சந்தியாகு கடையில் உட்காரவைத்தே சொல்லி அனுப்பினார்.

"எங்கப்பா உயிரோட இருந்தப்போ வயக்காட்டுக்குத்தான் போனாரு. செத்த பிறகு அவரைக் கொண்டுபோய் கக்கூஸ்ல உக்கார வெக்கச் சொல்றியா ஞானாதிக்கம்?"

வேறு வழியில்லாமல் ஞானாதிக்கம் கமிட்டியில் எழுந்து நின்று, என்னால் முடிந்ததைத் தருகிறேன், என் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வியாகுலசாமி வெகு நேரம் யோசித்தார். "உயிரோட இருக்கிறவங்க பேருல கழிவறை வெச்சா அது முன்னுதாரணம் ஆயிடும். நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க," என்றார். இத்தனை நாளாக ஒருவர்கூடக் கேட்காததால்தானே இந்தப் பாடு என்று ஞானாதிக்கத்துக்கு வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மே மாதம் நெருங்கியது. வரைபடத்துக்கு அனுமதி வரவில்லை, ஏனென்றால் வரைபடமே முடியவில்லை. ஆனால் அடிக்கல்லுக்கு வரைபடம் தேவையில்லையே. கல் இருந்தால் போதும். கல்லில் யார் யார் பெயர் என்பதில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் கழிந்தது. முதலில் ஆயர் ஆண்டகை, அதாவது பிஷப், பிறகு ஃபாதர், பிறகு கமிட்டி. அப்படியானால் பேரவை? பேரவையைப் போட்டால் மரியாயின் சேனை? இதற்கு முன்னால் இங்கே இருந்த பங்குத்தந்தைகள்? கல் பலகையாகத் தொடங்கி, கதவளவாகி, கடைசியில் சுவராகிவிட்டது. பன்னிரண்டு அடி உயரம், அதற்கு மேல் அகலம், முழுக்கக் கறுப்புக் கிரானைட், பொன் எழுத்து. கோபுரத்துக்கென்று கழுத்திலிருந்து கழன்ற சங்கிலிகள் எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்தன.

இதை எங்கே நிறுத்துவது? ரோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஞானாதிக்கத்துக்கு மண்டியில் லோடு வந்திருந்த நாளில் அதற்கான கூட்டம் நடந்தது. மறுநாள் அவர் வரும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை தரையில் கிடந்தது. செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தீர்மானத்தை வியாகுலசாமி அவருக்கு வாசித்துக் காட்டினார். "புதிய கழிவறை நான்காம் கட்டத்தில் அமையவிருப்பதால், பழைய கழிவறை உடனடியாக அகற்றப்படுகிறது. இதை முன்மொழிந்தவர் என்ற வகையில் திரு. ஞானாதிக்கம் அவர்களுக்குக் கமிட்டி நன்றி தெரிவிக்கிறது."

வீட்டில் போய்ச் சொன்னபோது அமலோற்பவம் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு இருந்துச்சுங்க. பூட்டியாவது இருந்துச்சு. நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம்."

ஞானாதிக்கத்துக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல் இருந்தது. கமிட்டியைத் திட்டலாம் என்றால் அதில் அவரும் ஓர் உறுப்பினர்.

கல்வெட்டுச் சுவர் எழுந்து முடிந்தது. அதைப் பார்வையிட யமுனாவை வரச்சொல்லி, வெயிலில் நிற்கவைத்து, பொன் எழுத்தின் தடிமன் பற்றி மதியம்வரை பேசினார்கள். பேச்சு முடிந்ததும் யமுனா வேகவேகமாக நடந்து ஞானாதிக்கம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க வீடு பக்கம்னு உபதேசியார் சொன்னாரு. தப்பா நெனைச்சுக்காதீங்க, கொஞ்சம் பாத்ரூம்..."

"உள்ள வாம்மா, நேரா போ," என்றாள் அமலோற்பவம். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

யமுனா திரும்பி வந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டு பொரிந்து தள்ளினார். "இங்க மீட்டிங்னா நான் காலையில இருந்து தண்ணியே குடிக்கறதில்லைங்க. தூண்ல பேர் எழுத இடம் போதுமான்னு கேக்கத் தெரியுது. ஒருத்தி எங்க போவான்னு கேக்கத் தெரியலை." அமலோற்பவம் ஈஸ்டர் இரவில் நடந்ததைச் சொன்னாள். கணவரைத் தவிர யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. யமுனா காபியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சை மாற்றவோ என்னவோ, அமலோற்பவம் ஜன்னல் வழியாகச் சுவரைக் காட்டிக் கேட்டாள். "ஏம்மா, அவ்வளவு உசரம் ஒல்லியா நிக்குதே, ஆடிக் காத்துல விழாதா?"

யமுனா திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "விழும்," என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து பேப்பரை எடுத்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் யமுனா ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். பின்பக்கம் தாங்கல் இல்லாத சுவர் காற்றுக்குச் சாயும், சுவரைக் கட்டியவர்கள் தன்னைக் கேட்கவில்லை.

"சாஞ்சா எந்தப் பேரு முதல்ல உடையும்?" என்றார் ஃபாதர்.

"மேல இருக்கிற பேருங்க ஃபாதர்."

மேலே இருந்தவை ஆண்டகையும் ஃபாதரும். ஒரு வருஷமாக எதையும் முடிவு செய்யாத கமிட்டி அன்றைக்குக் காற்றாகப் பறந்தது. சுவருக்குப் பின்னால் நான்கு குறுக்குச் சுவர்கள் எழுப்பத் தீர்மானம். பின்பக்கம் மழைநீர் இறங்கினால் எழுத்துக் கறுக்கும் என்றார் யமுனா, மேலே கூரை. சுவரை அமுக்கிப் பிடிக்க உச்சியில் கனம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வைத்தால் மலிவு என்றார், தொட்டி. தொட்டி இருந்தால் தண்ணீர் இறங்கக் குழாய் வேண்டாமா, இறங்கிய தண்ணீர் போகக் குழி வேண்டாமா? குழாய், குழி. திறந்து கிடந்தால் எவனாவது பின்னால் சினிமா போஸ்டர் ஒட்டிவிட்டுப் போவான் என்று சந்தியாகுவே சொன்னார். மூன்று கதவுகள், உள்தாழ்ப்பாளோடு. பெயர்களைக் காப்பாற்றும் செலவு என்பதால் பெயர் இருந்த எல்லோரும் தட்டாமல் கொடுத்தார்கள். பீங்கான் சாமான் என்று ஒரு பில் வந்தபோது வியாகுலசாமி கொஞ்சம் தயங்கினார். ஆனால் பில் சந்தியாகு கடையுடையது. சந்தியாகு வாங்கிப் பார்த்து, "விலை சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஞானாதிக்கத்துக்கு மனசு உறுத்தியது. வெளியே வந்ததும் யமுனாவிடம் கேட்டார். "நாம ஏமாத்தறோமாம்மா?"

"நான் ஒரு பொய் சொல்லலைங்க. சுவருக்குத் தாங்கல் வேணும், குடுத்தேன். தாங்கலுக்கு நடுவுல என்ன இருக்குன்னு யாராவது கேட்டா சொல்லியிருப்பேன். உபயம் இல்லாததை அவங்க கேக்கமாட்டாங்க."

மே மாதக் கடைசியில் அடிக்கல் விழா. வடநாட்டில் ஆயராக இருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட முதியவர் ஒருவர்தான் ஆசீர்வதிக்கக் கிடைத்தார்; கல்வெட்டின் மேல் வரியில் இருந்ததும் அவர் பெயர்தான். நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர். அதை ஈடுகட்ட மற்றவர்கள் பேசினார்கள். ஃபாதர் தம் எளிமையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். சந்தியாகு கட்டப்போகும் கோபுரத்தை, கட்டியாகிவிட்டது போல் வர்ணித்தார். வியாகுலசாமி ஆண்டறிக்கையில் தொடங்கி, பிறகு கல்வெட்டில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். படித்தவர்கள் படித்துக்கொள்ள மாட்டார்களா என்றால், எழுதியதை வாசிக்காவிட்டால் எழுதியதற்கு என்ன மரியாதை?

பாதிப் பெயரில் ஆண்டகை நாற்காலியில் நெளிந்தார். எண்பது வயதைத் தாண்டிய உடம்பு. குனிந்து ஃபாதர் காதில் ஏதோ சொன்னார். ஃபாதர் முகம் வெளுத்தது. அவர் வியாகுலசாமி காதில் சொன்னார். ஃபாதர் தங்கியிருக்கும் பங்கு இல்லம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவே பந்தல், பேண்டு வாத்தியம், நாலு வரிசைக் கூட்டம், சந்து முழுக்க அடைத்து நின்ற கார்கள்.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே ஃபாதர்," என்றார் வியாகுலசாமி. மைக் அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது.

ஆண்டகையின் நெற்றியில் வேர்வை பூத்தது. அந்த முகம் ஞானாதிக்கத்துக்குத் தெரிந்த முகம். ஈஸ்டர் இரவில் கேட்டுக்குப் போகும் வழியில் அதைப் பார்த்திருக்கிறார். யாரையும் கேட்காமல் மேடை ஏறினார். "ஆண்டகை, என் கையைப் பிடிச்சுக்கங்க," என்று அழைத்துக்கொண்டு கல்வெட்டுக்குப் பின்னால் போனார்.

அங்கே பாடகர் குழுவின் நீலப் புடவையில், கையைத் துடைத்துக்கொண்டே ஒரு கதவைத் திறந்து வெளியே வந்தாள் அமலோற்பவம். அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்களுக்குக் காலையிலேயே விஷயம் பரவியிருந்தது. ஆண்டகையைப் பார்த்ததும் வரிசை விலகி வழிவிட்டது. அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

முன்பக்கம் அத்தனை கூட்டமும் பொன் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு மௌனமாகக் காத்திருந்தது. மேல் வரியில் ஆண்டகையின் பெயர் வெயிலில் மின்னியது. அந்தப் பெயருக்கு நேர் பின்னால் அவர் இருந்தார். "ஆண்டகை கல்வெட்டின் உறுதியைப் பார்வையிடுகிறார்," என்று அறிவித்தார் வியாகுலசாமி. தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. மைக்கை வாங்கினார்.

"நான் பல ஊர்ல அடிக்கல் நட்டிருக்கேன். நிறைய கல்லு இன்னும் கல்லாவேதான் இருக்கு. ஒரு திட்டத்துல அடிக்கல் நடுற அன்னைக்கே ஒரு வேலை முடிஞ்சு, ஜனங்க பயன்படுத்துறதை இங்கதான் பாக்கறேன். அதைத் திறந்தும் வெச்சாச்சு. கட்டினவங்களைக் கடவுள் ஆசீர்வதிப்பார்." உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் பக்கத்தில் தொடங்கிய கைதட்டல் வெகு நேரம் ஓயவில்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்வெட்டை இடிக்காமல் கழிவறையை இடிக்க முடியாது. கல்வெட்டை இடிக்க அதில் பெயர் இருக்கிற யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஃபாதர் அமலதாஸ் மாறிப் போய்விட்டார். அஸ்திவாரத்துக்கு இன்னும் உபயதாரர் கிடைக்கவில்லை. கோபுரம் வாட்ஸப்பில் நன்றாக இருக்கிறது. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது, கல்வெட்டு அசையவில்லை.

ஒருநாள் சந்தியாகு மண்டிக்கே வந்தார். ஞானாதிக்கம் எடை பார்த்து முடிக்கும் வரைக்கும் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

"கோயில்ல மத்த எல்லாத்தையும் எவன் நின்னு படிக்கிறான் ஞானாதிக்கம்? அங்கதான் பங்கே வரிசையில நிக்குது. ஆண்டகையே திறந்து வெச்ச இடம் வேற. அந்த நடுக்கதவுல எங்கப்பா பேரு வர்ற மாதிரி ஏதாவது பண்ணேன். செலவு என்னோடது."

அவர் தகப்பனாரை எங்கே உட்கார வைப்பது என்று அவரே முன்பு கேட்டதை ஞானாதிக்கம் நினைவுபடுத்தவில்லை. தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பண்ணலாங்க. ஆனா பின்னாடி ஒரு பேரு மாட்டினா எல்லாரும் மாட்டுவாங்க, கதவு முடிஞ்சு சுவருக்கு வருவாங்க. அங்க ஆணி அடிச்சா முன்னாடி இருக்கிற பேரெல்லாம் விரிசல் விடும்னு ஆர்க்கிடெக்ட் அம்மா சொல்லியிருக்காங்க. உங்க பேரு இருக்கிறது நடுக்கதவுக்கு நேராத்தான்."

சந்தியாகு யோசித்தார். "அப்ப யாருமே ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம்," என்றார். போட்டார்கள். அந்திரேயர் கோயிலில் யார் பெயரும் இல்லாத ஒரே இடம் இன்றைக்கும் அதுதான்.

கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் புது ஃபாதர் ஐம்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார். ஞானாதிக்கம் பாதியில் தூங்கிப்போனார். விழித்தபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது. எதையோ தேடுகிறவர் போல் காதைக் கொடுத்தார். காலி இடம் இல்லை. நடுவில் அவள் ஒருமுறை எழுந்து போய்விட்டு வந்தாள் என்று பக்கத்திலிருந்தவர் பிறகு சொன்னார். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கடைசி ஆசீர் வரைக்கும் நின்று பாடினாள்.